கை நனைத்த வீடு

நம் முதியோர் இல்லத்தில் தட்டு கழுவ மெஷின் வந்துவிட்டதாம். என் காலத்திலிருந்தே அங்கே வேலை பார்க்கும் கலா போனில் சொன்னாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பற்றியும் சொன்னாள். எல்லோரும் நன்றாகப் படித்தவர்களாம், மாத்திரைப் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்கிறார்களாம், பெரியவர்களிடம் நாலு வார்த்தை பேச மட்டும் கூச்சப்படுகிறார்களாம். "நீங்க ஒரு தடவ வந்து பேசிட்டுப் போங்க சிஸ்டர்" என்றாள். கடலூர் முதுநகரிலிருந்து தேவனாம்பட்டினம் சாலை வரை ஆட்டோவில் குலுங்கி வர என் முட்டி ஒத்துக்கொள்ளாது. என் வாய் இன்னும் ரிட்டயர் ஆகாததால் எழுதி அனுப்புகிறேன்.

நான் அங்கே பொறுப்பு நர்ஸாக வந்தது 2004-இல். விட்டது 2012-இல். அதற்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருடம் வார்டில் ஓடினேன். பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமை நர்ஸ் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த வயதிலும் போன் போட்டு, "என் பேர எதுக்குடி இழுத்த?" என்று திட்டுவார். நோயாளி சாப்பிடவில்லை என்று போய் நின்றால் அவர் சொல்லும் வழக்கமான பாடம் ஒன்று உண்டு. "மொதல்ல வாயப் பாரு. அப்பறம் வயித்தப் பாரு. ரெண்டும் சரியா இருந்தா, சோறு போடுறவளப் பாரு." முதல் இரண்டும் புரிந்தது. மூன்றாவதை நாங்கள் அவர் சிடுசிடுப்பு என்று நினைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தோம்.

2007 கார்த்திகையில் தெய்வசிகாமணி என்ற பெரியவர் இல்லத்துக்கு வந்தார். கீரப்பாளையம் பக்கம். சொந்த நிலத்தில் நெல் வைத்துச் சாப்பிட்ட குடும்பம், ஊரில் நல்லது கெட்டதென்றால் முன்னால் நிற்கிற மனிதர். எழுபதைத் தாண்டியிருந்தார். மனைவி போன பிறகு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர், குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, நடைக்கம்பியைப் பிடித்து நடக்கிற நிலையில் வந்தார்.

கொண்டுவந்து விட்டது மகன் செல்வகுமார். சென்னையில் வேலை. மாடியில் வாடகை வீடு, லிப்ட் கிடையாது, புருஷன் பெண்டாட்டி இருவரும் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார்கள். இல்லத்தில் பெற்றவர்களை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்து, அப்பாவின் மாத்திரைகளை எடுத்து வைத்து, எது எந்த வேளைக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னதைப் பார்த்தேன். காபி கொடுத்தோம். "இல்ல சிஸ்டர், வழியிலயே குடிச்சிட்டேன்" என்றார். பிறகு வந்தபோதெல்லாம் அப்படித்தான். எங்கள் காபியைத் தொடாமல், தெருமுனை டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்காருவார்.

அப்பாவும் அப்படித்தான் இருந்தார் என்பதை நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த நாளில் சாப்பாட்டுக்கு மணி அடிப்போம். வாசல் வேப்பமரத்தில் ஒரு பித்தளை மணி தொங்கும். அதை அடித்தால் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். தெய்வசிகாமணி வரமாட்டார். மணிச் சத்தம் கேட்டதும் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் நேராக உட்காருவார். கலா அவர் அறை வாசலில் நின்று, "தாத்தா, சாப்ட வாங்க" என்பாள். "பசிக்கலம்மா" என்பார். "சரி தாத்தா" என்று அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பிறகு தட்டை அறைக்கே கொண்டுபோய் வைத்தால் பருக்கையைக் கிளறிவிட்டு மூடிவைத்திருப்பார். காலையில் காபி மட்டும் இறங்கும். மகன் வாங்கி வந்த பிஸ்கட்டைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தின்பார்.

வேண்டாம் என்பவர்களை வற்புறுத்தக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள். அவர்கள் விருப்பத்தை மதிக்க வேண்டுமாம். நல்ல பாடம்தான். ஆனால் நம் பக்கத்தில் முதல் தடவை 'பசிக்கல' என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'இன்னொரு தரம் கூப்பிடு' என்று அர்த்தம். கூப்பிட்ட உடனே எழுந்து வந்தால் சோற்றுக்கு அலைகிறான் என்று ஆகிவிடும். இது கலாவுக்குத் தெரியாதா? பண்ருட்டிக்காரி, சொந்தக்காரர்கள் வந்தால் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துப் போடுகிறவள். எனக்குத் தெரியாதா? யூனிபார்மை மாட்டிக்கொண்டதும் நமக்கெல்லாம் ஒரு மறதி வந்துவிடுகிறது.

மார்கழி பிறந்தபோது அவர் பாதி ஆளாகிவிட்டார். பனியன் தோளில் நிற்காமல் நழுவியது. முகம் மழித்துக்கொள்வதை விட்டார். நடைக்கம்பி மூலையில் தூசி படிந்து நின்றது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் யார் வந்தாலும் திரும்புவதில்லை. "பெரிய மிராசு, எல்லாம் ரூமுக்கே போவுது" என்று மற்றவர்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் அவர் அறையைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வாயைப் பார்த்தோம். பல் செட்டு சரியாக இருந்தது, புண் இல்லை. வயிற்றைப் பார்த்தோம். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மன வருத்தத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதினார். அதைக்கூட வெறும் வயிற்றில்தான் விழுங்கினார். கடைசியில் டாக்டர், "இப்பிடியே விட்டா தாங்க மாட்டார். சிதம்பரத்துல அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்" என்றார். மகனும் சம்மதித்தார். மறுநாள் பிற்பகல் வேன் வருவதாக ஏற்பாடு.

டியூப்பைக் குறை சொல்லவில்லை. பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களை அது காப்பாற்றியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விழுங்க முடிந்த மனிதருக்கு, விருப்பம் இல்லாத மனிதருக்கு அதைப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே சிதம்பரத்து வார்டில் பார்த்திருக்கிறேன். பிடுங்கி எறிவார்கள். மறுபடி போடுவார்கள். பிறகு கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். அப்படிக் கட்டப்பட்ட வயதானவர்களில் நடந்து வீட்டுக்குப் போனவர் யாரும் எனக்கு நினைவில் இல்லை. வேன் வரவேண்டிய அன்று காலையில் தெய்வசிகாமணியின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கோவிந்தசாமி வந்தார். தெய்வசிகாமணியின் தங்கை புருஷன், அவரும் வயதானவர்தான். கையில் ஒரு மஞ்சள் பை. தை மாதம் பேரனுக்குக் காது குத்து, முறையாகச் சொல்ல வேண்டும் என்றார். நிலைமையைச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போனேன்.

அவர் பையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்தார். வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை எல்லாம் அதில் வைத்தார். கட்டிலுக்கு முன்னால் போய் நின்று, "மச்சான், நம்ம பேரனுக்குக் காது குத்து. நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று தட்டை நீட்டினார். எத்தனையோ நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர் திரும்பினார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். துண்டைத் தேடி எடுத்து மேலே போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வர்ற நெலமையில நா இல்ல மச்சான்" என்றார்.

"நீங்க இல்லாம நா எந்தக் காரியம் பண்ணியிருக்கேன்?" என்றார் கோவிந்தசாமி.

மணி அடித்தது. வெளியே வந்த கோவிந்தசாமியிடம், "சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன். "வேணாம்மா, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுலயே டிபன் முடிச்சிட்டேன்" என்றார். "அது எப்பவோ சாப்ட்டது, வாங்க" என்றேன். "இல்லம்மா, வயிறு நெறஞ்சிருக்குது." "வந்தவுங்க சும்மா போனா எங்களுக்கு நல்லாவா இருக்கும்? ஒரு வாய் சாப்புடுங்க." வந்து உட்கார்ந்தார். குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்துபோகிற விருந்தாளியை யாரும் சொல்லாமலே திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். இங்கேயே வாழ வந்தவரை வாசலில் நின்று ஒரே ஒரு முறை கூப்பிட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம். தலைமை நர்ஸ் அம்மாவின் மூன்றாவது பாடம் எனக்கு அப்போதுதான் சுருக்கென்று தைத்தது.

"ஊர்ல அவரு எப்பிடிச் சாப்புடுவாரு?" என்று கேட்டேன்.

"நல்லா சாப்புடுவாரும்மா. ஆனா லேசுல யாரு ஊட்டுலயும் கை நனைக்க மாட்டாரு" என்றார் கோவிந்தசாமி. "செல்வத்துக்குப் பொண்ணு பாக்கப் போனோம். அவுங்க எல போட்டுட்டாங்க. எங்களுக்கெல்லாம் பசி உயிரு போவுது. இவரு அசையலியே. பேசி முடிச்சி, தேதி குறிச்சி, வெத்தல மாத்துன அப்பறம்தான் ஒக்காந்தாரு. கை நனைச்சா அது நம்ம ஊடுன்னு ஆயிடுதுல்ல?"

கை நனைப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் நம் ஆட்கள் சாப்பிடுவதில்லை. பகை வந்தால் முதலில் நிற்பது சாப்பாடுதான், சமாதானம் ஆனாலும் முதலில் நடப்பது சாப்பாடுதான். தெய்வசிகாமணி இந்த இடத்தை இன்னும் தன் வீடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும்படி நாங்களும் ஒன்றும் செய்யவில்லை.

கோவிந்தசாமி பஸ்ஸுக்குக் கிளம்பினார். வேன் வர இன்னும் நேரம் இருந்தது. என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு தெய்வசிகாமணியின் அறைக்குப் போனேன். வாசலில் நிற்காமல் கட்டில்வரை போனேன்.

"மாமா, சாப்பிட வாங்க."

எல்லோரும் தாத்தா என்று கூப்பிட்டே பழகியவர், யாரை என்பதுபோலப் பார்த்தார். "பசிக்கலம்மா" என்றார்.

"பசிக்கலன்னாலும் வாங்க மாமா. நேரமாவுது."

"வயிறு ஒரு மாதிரி இருக்குது. நீ போயி மத்தவுங்களப் பாரு."

"நீங்க வராம நா போவ மாட்டேன்."

மூன்றாவது தரம் கூப்பிட்டால் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நா ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளுங்க மாமா."

"நீ சாப்ட்டியா?"

"இனிமேதான்."

"எங்க சாப்புடுவ?"

"டூட்டி ரூம்ல. ஊட்டுலேர்ந்து டப்பா கொண்டாந்திருக்கேன்."

"ம். நீயும் டப்பா. அந்தக் கலா பொண்ணும் டப்பா. வாட்ச்மேன் வரைக்கும் டப்பா. எல்லாம் கதவச் சாத்திக்கிட்டு சாப்புடுறீங்க. நீங்க யாரும் கை நனைக்காத சோத்துல என்ன மட்டும் நனைக்கச் சொன்னா எப்பிடிம்மா? இது யாரு ஊடு?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் சொன்னது சரி. இல்லத்துச் சாப்பாட்டை ஊழியர் யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் செக்ரட்டரி போட்ட விதி. கெட்ட எண்ணத்தில் போட்டதல்ல. தர்மத்துக்கு வரும் அரிசியை வேலைக்காரர்கள் தின்று தீர்க்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று பயந்தவர் அவர். விதியை மீறினால் என் வேலைக்கு ஆபத்து. மீறாவிட்டால் இந்த மனிதர் சாயங்காலம் சிதம்பரத்தில் டியூப்போடு படுத்திருப்பார். ஒருவேளை என் பேச்சைக் கேட்டுச் சாப்பிட உட்கார்ந்து, பலவீனத்தில் புரையேறி ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், ஒழுங்காக விழுங்கினார். பேச்சில் குழப்பம் இல்லை. ஒரு வேளை பொறுத்துப் பார்க்கலாம் என்று என் அனுபவம் சொன்னது. விடியும்வரை அவர் எதுவும் சாப்பிடாவிட்டால் நானே வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போவது என்றும் அங்கேயே முடிவு செய்துகொண்டேன். துணிச்சலுக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது வீம்பாகப் போய்விடும்.

"வாங்க மாமா. இன்னைக்கு நாம ரெண்டு பேரும் இந்த ஊட்டுலயே சாப்புடுவோம்" என்று கையை நீட்டினேன்.

கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் அவரைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்ததைப் பார்த்து கலா கரண்டியோடு நின்றுவிட்டாள். "எனக்கும் ஒரு தட்டு வை" என்றேன். அவருக்குக் குழைந்த சோற்றில் ரசம் மட்டும் கொஞ்சமாக வைக்கச் சொன்னேன். பட்டினி கிடந்த வயிற்றுக்கு அள்ளிப் போடக் கூடாது என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கும்.

அவர் என் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன். பிறகுதான் அவர் டம்ளர் தண்ணீரில் விரல்களை நனைத்து, சோற்றில் கை வைத்தார். மெதுவாக மென்றார். என் தட்டிலிருந்த குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கொழம்புல உப்பு ஜாஸ்தி" என்றார்.

ஜாஸ்திதான். வாயில் வைக்க முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் மாதக்கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயதானால் நாக்கு அப்படித்தான் என்று நாங்கள் எங்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நாங்கள் பாதியில் இருக்கும்போது வேன் வந்துவிட்டது. செல்வகுமாரும் செக்ரட்டரியும் கூடத்து வாசலில் வந்து நின்றார்கள். மகன் அப்பாவையே பார்த்தார். செக்ரட்டரி என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க இங்க என்னா பண்றீங்க?"

"சாப்புடுறேன் சார்" என்றேன். கை சோற்றில் இருக்கும்போது வேறு என்ன சொல்வது?

அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு செக்ரட்டரி குதித்தார். "ரெண்டு வாய் சாப்ட்டார்னு வண்டியத் திருப்பி அனுப்புறதா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நா சொல்றேன் சார்."

"நீங்க சொல்லுவீங்க. பேரு கெடப்போறது இல்லத்துக்கு."

டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, எடை குறையக் கூடாது, காய்ச்சலோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டார். மீதி இருந்தது மகனின் வார்த்தை. செல்வகுமார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுனா ஆச்சுன்னா ஊர்ல என்னத்தான் சொல்லுவாங்க சிஸ்டர். கொண்டுபோய்த் தள்ளி சாவடிச்சிட்டான்னு."

"சொல்லுவாங்க தம்பி. டியூப்போட போனாலும் அதத்தான் சொல்லுவாங்க. ஊர் வாய உடுங்க. அவரு இன்னைக்கு எழுந்து நடந்து வந்து சாப்ட்டாரு. அத மட்டும் பாருங்க."

செல்வகுமார் எழுந்துபோய் வேன் டிரைவரிடம் பேசி அனுப்பிவைத்தார். அந்தப் பிள்ளை அன்று எடுத்த முடிவு என்னுடையதைவிடப் பெரியது. எனக்குப் போனால் வேலை, அவருக்குப் போனால் அப்பா.

மறுநாளிலிருந்து நான் டப்பா கொண்டுவரவில்லை. கலாவும் நிறுத்தினாள். உடனே எல்லாம் சரியாகிவிட்டதென்று எழுத ஆசைதான். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து, உடனே டாக்டரைக் கூப்பிட்டு அவர் தினமும் வந்து பார்த்தும், பெரியவர் மூன்று நாள் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தார். அந்த மூன்று நாளும் நான் பயந்த பயம் எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். பிறகு எழுந்தார். முகம் மழித்துவிடச் சொன்னார். நடைக்கம்பியைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னார். செக்ரட்டரி பல மாதம் முறைத்துவிட்டு, ஒருநாள் அவரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார். அடுத்த வாரமே உப்பு குறைந்தது, ஊழியர்களும் மதியம் அங்கேயே சாப்பிடலாம் என்று விதியும் மாறியது.

மணியையும் எடுத்துவிட்டு ஒவ்வொருவரையும் நேரில் போய்க் கூப்பிடுவது என்று வைத்தோம். அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. ரிட்டயர்டு தலைமை ஆசிரியை ரெஜினா டீச்சர், "முப்பது வருஷம் மணி சத்தத்துக்குச் சாப்ட்ட ஒடம்பு. மணி அடிச்சாத்தான் எனக்குப் பசிக்கும்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சரி என்று அவருக்காக மணியை மறுபடி மாட்டினோம். அவரே போய் அடித்துவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருவார். ஒருவருக்கு மருந்தாகிறது இன்னொருவருக்கும் ஆகும் என்று நினைத்து ஊருக்கெல்லாம் ஊற்றிவிடாதீர்கள்.

தை மாதம் காது குத்துக்குத் தெய்வசிகாமணியைக் கலா துணையோடு காரில் அனுப்பிவைத்தோம். பேரனைத் தூக்கி அவர் மடியில் வைத்துத்தான் குத்தினார்களாம். பந்தியில் அவரை முதல் இலையில் உட்காரவைத்தார்களாம். ஊரைப் பார்த்தபின் திரும்பி வர மறுப்பாரோ என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். "இருந்து போங்கன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன். இங்க என்னத் தேடுவீங்கல்ல?" என்றார். தேடிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன்.

அந்த வருடத்துக் கோடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துவிடும். பண்ருட்டியிலிருந்து கலா வீட்டார் பலாப்பழம் அனுப்பியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தெய்வசிகாமணி அறுக்க உட்கார்ந்தார். சுற்றிலும் எல்லோரும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தேவனாம்பட்டினம் கடல் காற்று உப்பும் ஈரமுமாக வீசிக்கொண்டிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சுளைதான் என்று நான் காவலுக்கு நின்றேன். என் கண் எதிரிலேயே ரெஜினா டீச்சர் கைக்குட்டையில் ரெண்டு சுளையை மடித்து வைத்துக்கொண்டார். பார்க்காததுபோல இருந்துவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ அவசரங்களைச் சமாளித்தவள் நான். ஆனால் இப்போது தூக்கம் வராவிட்டால் நான் நினைத்துக்கொள்வது அந்தப் பலாப்பழ மத்தியானத்தைத்தான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வகுமார் வந்தார். அப்பாவோடு பேசிவிட்டு, சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் வழக்கம்போல எழுந்தார். டீக்கடைக்குத்தான். ஆறு மாதத்துக்கு மேல் வந்துபோகிறார், எங்களிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அப்பாவைச் சோறு தின்ன விட்ட இடத்தில் தனக்குச் சோறு இறங்காது என்று நினைத்திருப்பார். நானாகக் கூப்பிட்டால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"சாப்ட்டுட்டுப் போடா" என்றார் தெய்வசிகாமணி.

"இல்லப்பா, வழியிலயே சாப்ட்டேன்."

"சாப்ட்டா என்னா, ஒரு வாய் சாப்புடு."

"வேணாம்பா. பஸ்ஸுக்கு நேரமாயிடும்."

பெரியவர் நடைக்கம்பியை ஓரமாக நிறுத்தினார். அது இல்லாமல் மகனிடம் போய், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஊட்டுக்கு வந்துட்டு நீ கை நனைக்காம போனா எனக்கு இங்க என்னாடா மரியாத?"

செல்வகுமார் அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு கூடவே நடந்துவந்து கூடத்தில் உட்கார்ந்தார். அப்பா செம்பைச் சாய்த்து மகனின் கையில் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கண்ணீர் தட்டில் விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பெரியவர் அதைப் பார்க்காதவர்போலக் கூடத்தின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கலா, தம்பிக்கு இன்னும் சோறு கொண்டா. வேணாம்னுதான் சொல்லுவான், நீ வையி."